இருமலைப் பிரித்தெடுத்த காது

நேற்று ஆயர் ஈத்தாம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே, வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்த என் காதில் ஒரு குரல் மட்டும் தனித்து விழுந்தது. யாரென்று புரியுமுன்பே திரும்பிவிட்டேன். முத்தையா மாமா.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சயாம் காட்டில் ரயில் பாதை போடும் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தபோது அப்பா பரணில் ஒளிந்திருந்தார். அவருடைய இருமலை மறைக்க, அம்மா காய்ந்த மரவள்ளிக்கிழங்கை ஓங்கி ஓங்கி இடித்தார். சிப்பாய்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட வந்த மாமாதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இடிங்கக்கா. அண்ணே இருமுறது எந்தச் சத்தத்துலயும் எனக்குத் தெரியும் லா. தினம் கூட உக்காந்து சாப்பிட்டவனாச்சே" என்று பரணைக் காட்டினார்.

அப்பா திரும்பவேயில்லை.

மண்டபத்தில் யாரோ என் மகளிடம், "பெரியவர் கால்ல விழுந்து கும்பிடும்மா" என்றார்கள். குனிந்தவளைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"ஏம்மா?"

"உன் தாத்தாவைக் காட்டிக்கொடுத்தவர்" என்றேன், மேளத்தையும் மீறி அவருக்குக் கேட்கும்படி.