சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நிற்கும் விமானத்தைப் பார்த்து, அது என்ன விமானம், எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. மீனாட்சிபுரத்தில் ஆறு கறவை மாடு வைத்திருக்கும் பொம்பளைக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். என் வீட்டுக்காரரே பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கறவை முடிந்து நான் செல்போனும் கையுமாக உட்கார்ந்தால் போதும், "என்ன அம்மிணி, இன்னைக்கு எந்த ஏரோப்ளேன் கன்னு போட்டிருக்குது?" என்று ஆரம்பித்துவிடுவார். "போங்க, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்பேன். போவார், சிரித்துக்கொண்டே.

பறக்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. இந்தக் கிறுக்கு தொற்றியது பால் சொசைட்டியில். அங்கே நான் பல வருஷம் எழுத்து வேலை பார்த்தேன். மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடும்போது ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். கொம்பு எப்படி வளைகிறது, நெற்றியில் சுழி உண்டா, வால் குஞ்சம் வெள்ளையா கறுப்பா, எந்தக் காலில் வெள்ளை விழுந்திருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். மாடு செத்துப்போனால் அந்தக் குறிப்பையும் படத்தையும் வைத்துத்தான் இது அதே மாடா என்று பார்ப்பார்கள். அந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். 'ஜெர்சி' என்று முதலில் எழுதிவிட்டால், அதற்கப்புறம் கண்ணுக்கு ஜெர்சிதான் தெரியும், எதிரே நிற்கும் மாடு தெரியாது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுத வேண்டும். இனம் கடைசியில்.

ஒரு நாள் என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைக் காட்டினான். பேர் தெரியாத பழைய விமானங்களின் படங்களைப் போட்டு, இது என்ன, அது என்ன என்று உலகம் பூராவும் இருந்து ஆட்கள் கேட்கிற இடம். ஆளாளுக்கு ஒரு விமானத்தின் மூக்கைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. காலைப் பாருங்களேன் அப்பா! இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே அச்சு ஓடுகிறதா, இல்லை இரண்டு காலும் தனித்தனியா? அதை மகனை விட்டு இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். மறுநாள் மூன்று பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. அங்கே இருக்கிறவர்கள் இன்னமும் என்னை யாரோ ரிட்டயர் ஆன இஞ்சினியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் அளவுகோல் இருக்காது. ஆனால் விமானத்தின் பக்கத்தில் யாராவது ஓர் ஆள் நிற்பார். அந்த ஆளின் உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்று வைத்துக்கொண்டு, தலையிலிருந்து பாதம் வரை ஒரு சிவப்புக் கோடு இழுப்போம். அந்தக் கோட்டை வைத்துச் சக்கரம், வால், உடம்பு எல்லாவற்றையும் அளப்போம். குறிப்பில் 'ஆள், அளவுக்கு' என்று போடுவோம். நூறு படங்களுக்கு மேல் நான் அப்படிக் கோடு இழுத்திருக்கிறேன்.

போன வருஷம் மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிவாசல் என்ற ஊரில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். டீ ஃபாக்டரியில் வேலை. எங்கள் சொசைட்டிக்கு வந்துகொண்டிருந்த மாட்டு டாக்டர் அந்தப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அக்கா, நீங்க படத்தப் பாத்தே ப்ளேன் எந்த வருஷம்னு சொல்லிருவீங்களாமே?"

"படத்த அனுப்பு கண்ணு, பாக்கலாம். எதுக்குக் கேக்கறே?"

அவள் சொன்னாள். மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். "அம்பதாம் வருசத்துக்கு முன்னாடியே எங்க ஆளுக இங்க கேரளாவுல இருந்தாகன்னு காட்டணுமாம்க்கா. எங்க அம்மா பொறந்தது இங்க, நான் பொறந்தது இங்க, எம் பிள்ளை பொறந்தது இங்க. அதெல்லாம் பத்தாதாம். தாத்தா காலத்துப் பேப்பர் கேக்காக. தாத்தாவோடது ஒரு போட்டோ மட்டுந்தான் இருக்கு. அதுல ஒரு ப்ளேன் நிக்கி. ப்ளேன் வருஷம் தெரிஞ்சா போட்டோ வருஷம் தெரிஞ்சிரும்லா?"

படம் வந்தது. தேயிலைக்கு நடுவே மண் ரோடு. சிறகை உடம்போடு பின்னுக்கு மடக்கி வைத்த ஒரு சின்ன விமானம். மேகத்தில் வழி தெரியாமல் புல்மேட்டில் இறங்கிவிட்டதாம். தோட்டத்து ஆட்கள்தான் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்களாம். ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில், தலைப்பாகையும் தோளில் கம்பளியுமாக நிமிர்ந்து நிற்பவர்தான் அவளுடைய தாத்தா.

எனக்குக் கை பரபரத்தது. அந்தக் காலத்தில் மூன்று கம்பெனிகளின் விமானங்கள் இப்படிச் சிறகு மடக்கும். அச்சைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், வால் நுனியில் சக்கரத்துக்குப் பதிலாகத் தரையில் இழுபடும் கட்டையைப் பார்த்தேன். தாத்தா மேல் கோடு இழுத்து அளந்தேன். இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த விமானம் அல்ல, அதனுடைய போட்டிக்காரன். அதிகம் விலை போகாதது. பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருபதுகளின் கடைசியில் வந்தது, அவ்வளவு போதும்.

உடனே போன் போட்டேன். "கண்ணு, உன்ற தாத்தா பக்கத்துல நிக்கற ப்ளேன் முப்பதுக்கு முந்தியே வந்தது!" அந்தப் பக்கம் அவள் மகளைக் கூப்பிடுவது கேட்டது, இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. "லெட்டர் எழுதித் தாங்கக்கா, தாலூக் ஆபீஸ்ல குடுக்கேன்" என்றாள். "அதுக்கென்ன, நாளைக்கே எழுதறேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

மறுநாள் தாளை எடுத்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. விமானம் முப்பதுக்கு முன்னால் பிறந்தது. சரி. படம் எப்போது எடுத்தது? எங்கள் தொழுவத்துக் கிழட்டு மாட்டை இன்றைக்குப் படம் எடுத்தால், மாடு பிறந்த வருஷமா படத்தின் வருஷம்? அந்த மாதிரி விமானங்களை இருபது, இருபத்தைந்து வருஷம் ஒட்டுப் போட்டுப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். விமானத்தை வைத்து, இந்தப் படம் இன்ன வருஷத்துக்குப் பின்னால் எடுத்தது என்று சொல்லலாம். முன்னால் என்று சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியதோ 'முன்னால்'.

மூன்று வாரம் தேடினேன். அந்த ஒற்றை விமானம் எப்போது உடைந்தது, யார் வைத்திருந்தார்கள் என்று எங்காவது இருந்தால் போதும். ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவில் அவள் நான்கு தடவை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் கடைசியில் அதட்டினார். "பொய்யும் எழுத மாட்டே, நெசத்தையும் சொல்ல மாட்டே. அந்தப் புள்ள அங்க காத்துக்கிட்டு இருக்குமல்லோ? நேருல போயிச் சொல்லு."

உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் பிடித்து, மறையூர் வழியாக மூணாறில் இறங்கி, அங்கிருந்து பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தேன். அவள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் லெட்டர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க, பையிலிருந்து நான் அச்செடுத்திருந்த படத்தை எடுத்து விரித்தேன். அவள் அதைப் பார்த்தாள். விமானத்தைப் பார்க்கவில்லை.

"எங்க தாத்தா மேல எதுக்குக்கா கோடு போட்டிருக்கீக?"

"அது... அளவுக்குக் கண்ணு. ப்ளேன அளக்கறதுக்கு."

"அளவுக்கா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் என்ன, நியாயம்தானே. "ப்ளேனுக்குக் காலப் பாத்தீக, வாலப் பாத்தீக, மூணு வாரமாப் பாத்தீக. இந்த மனுசனத்தான நான் பாக்கச் சொன்னேன்? இவர ஒரு தடவையாச்சும் பாத்தீகளாக்கா?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. தலை எங்கே தொடங்குகிறது, பாதம் எங்கே முடிகிறது, அவ்வளவுதான் எனக்கு அவர். நூறு படத்திலும் அப்படித்தான். எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! ஒரு முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. கூசிப் போய்விட்டேன்.

"ஒரிஜினலக் குடு கண்ணு" என்றேன். அவள் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். மாட்டு ஃபாரம் நிரப்புகிற மாதிரி மேலிருந்து ஆரம்பித்தேன். தலைப்பாகை. காதில் பெரிய ஓட்டை, கடுக்கன் இல்லை. மீசை நரைக்கவில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. உதட்டில் சிரிப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. கழுத்து. தோளில் கம்பளி, முன்பக்கம் முழங்கால் வரை தொங்குகிறது. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு தைத்திருந்தது. துணியில் எழுத்து. இல்லை, எண்.

"கண்ணு, இங்க வா. இதென்ன நம்பரு?"

அவள் குனிந்து பார்த்தாள். "செக்ரோல் நம்பருக்கா. அப்பல்லாம் தோட்டத்துல கம்பளி குடுக்கும்போது மாறிப் போகக் கூடாதுன்னு நம்பர் தச்சுத்தான் குடுப்பாகளாம், எங்க அம்மா சொல்லும்." சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டாள்.

செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற பெரிய புத்தகம். அவள் ஏற்கெனவே தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள். பழைய புத்தகம் இருந்தது, தாத்தாவின் பேரும் இருந்தது. ஆனால் அதே பேரில் ஐந்து பேர் இருந்தார்கள், இதில் உங்கள் ஆள் யார் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எண் இருந்தால் ஒருவர்தான்.

நான் அச்செடுத்த படத்தில் அந்த எண் ஏன் தெரியவில்லை என்று எடுத்துப் பார்த்தேன். என் சிவப்புக் கோடு சரியாக அதன் மேலேயே ஓடியிருந்தது.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். மீன் குழம்பு அப்படியே கிடந்தது. குமாஸ்தா நல்ல மனுஷர். முகம் சுளிக்காமல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். அந்த எண்ணுக்கு நேரே அவர் பேர், அவருடைய அப்பா பேர், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்ப் பேர். தலைப்பில் நாற்பத்தாறாம் வருஷம். அவள் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்கு மூக்கை உறிஞ்சவேண்டி வந்தது, குளிருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நகல் வாங்கி, அலைந்து திரிந்து, கடைசியில் சான்றிதழ் வந்தது. "கெடைச்சிருச்சுக்கா" என்று போனில் கத்தினாள். பிள்ளைக்குச் சீட்டும் கிடைத்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்த லெட்டரை எப்படியும் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். ஆபீசுக்கு அல்ல, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடப் போகிறாளாம், கீழே வைக்க வேண்டுமாம்.

"ப்ளேன் பேரும் எழுதறேன், அவரு பேரும் எழுதறேன்" என்றேன்.

"உயரமும் போடுங்கக்கா. நீங்கதான் அளந்தீகள்லா. அவர வேற யாரு அளந்திருக்கா? நல்ல உயரமாம், ஆறடி இருப்பாருன்னு எங்க அம்மா சொல்லும். தோட்டத்துல கட்டிக் குடுத்த லயத்து வீட்டுக்குள்ள குனிஞ்சுதான் நுழைவாராம்."

இப்போது விமானம் எது என்று தெரியும். அதன் சரியான அளவு கம்பெனிக்காரன் வரைபடத்தில் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை ஐந்தடி ஆறங்குலம் என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. விமானத்தை அளவாக வைத்து அவரை அளந்தேன். தலைப்பாகையைக் கழித்தேன். வந்த விடையைப் பார்த்துவிட்டுத் திரும்ப அளந்தேன். திரும்பவும் அதே.

எழுதுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒளியவில்லை.

"கண்ணு, அஞ்சடி மூணுதான் வருது."

"நல்லாப் பாத்தீகளாக்கா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

அவளுக்குப் பின்னால் ஃபாக்டரி மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சடி மூணுக்கே குனிய வச்சிருக்காகளேக்கா" என்றாள். "அப்ப வாசல எவ்வளவு தாழக் கட்டியிருப்பாக?"

ஐந்தடி மூன்றங்குலம் என்றே எழுதி அனுப்பினேன்.