ஒரே நீலத்தில் தைத்த கோட்டுகள்

தையல்காரி ஒரு சட்டையின் முதுகுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உடைத்த பிளேடின் பாதியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்திருந்தாள். அது நூலை மட்டும்தான் தொடும், துணியைத் தொடாது. நான் நர்ஸாக இருக்கும் முதியோர் விடுதியில் எழுந்திருக்க முடியாதவர்களுக்குச் சட்டையை முதுகில் திறந்து நாடா வைத்தால்தான் கையை முறுக்காமல் மாட்டிவிட முடியும். அந்த வேலையை நான் இவளைத் தவிர வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. இவள் தைத்தால் மடிப்பு நிற்காது. மடிப்பு நிற்காவிட்டால் முதுகில் புண் வராது.

கடை பேருந்து நிழற்குடையின் ஓரத்தில். வீடும் அதுவே. ஒரு கைமிஷின், ஒரு கத்தரி, ஊசி நூல் போட்ட ஒரு பிஸ்கட் டின், அவ்வளவுதான் குடித்தனம். சீருடை தைக்கும் ஆலையில் வெட்டு மேசையில் நின்றே பாதி ஆயுசு போயிற்று. புருஷன் முதலில் போனார், பிறகு ஆலை மூடியது, அடுத்து வாடகை அறை. ஆலையை மூடிய அன்று மிச்சமிருந்த நீலத் துணிச் சுருள் ஒன்றை அவள் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

குளிர் தொடங்கும்போது நகராட்சி ஒரு விதி போட்டது. பொது இடத்தில் பாய், போர்வை, அட்டை எதையும் விரிக்கக் கூடாது. விரித்தால் வண்டியில் அள்ளிவிடுவார்கள். உட்காரத் தடையில்லை. காப்பகம் ஒன்று உண்டு. ஆனால் அதற்குச் சாயங்காலமே வரிசையில் நிற்க வேண்டும், கத்தரியும் ஊசியும் உள்ளே போகாது. அலுவலகம் விட்டு வருகிறவர்கள் அறுந்த பட்டனோடு இவளிடம் நிற்கும் நேரம் அது.

"விரிச்சாத்தானேக்கா அள்ளுவாங்க. உடுத்திக்கிட்டா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அந்த நீலத் துணியில் கணுக்கால் வரை ஒரு கோட்டு தைத்தாள். உள்ளே பழந்துணி திணிப்பு, தலைக்கு முக்காடு, பாதத்தை மூடிக் கட்ட அடியில் நாடா. உட்கார்ந்தபடியே ஒரு படுக்கை.

முதல் கோட்டு வாட்ச்மேனுக்கு. பெயர்தான் வாட்ச்மேன், அந்த வேலை போய் ரொம்ப நாளாயிற்று. போன மாதம் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறியதும் இதே நிழற்குடைக்குத் திரும்பியவர். நான் அவர் மூச்சைக் கேட்டுப் பார்த்துத் தையல்காரியிடம் சொல்லியிருந்தேன்: இன்னொரு தடவை நெஞ்சில் குளிர் ஏறினால் ஆள் தாங்க மாட்டார்.

அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "வேலையில இருந்தப்ப ராத்திரி தூங்காதடான்னு திட்டுனாங்க. இப்ப சம்பளம் இல்லாமலே அதையே சொல்றாங்க."

அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். அந்தத் தெருவில் வெளியே கிடந்த ஆறேழு பேருக்கும் தைத்துக் கொடுத்தாள், தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள். சில வாரம் யாருக்கும் வம்பில்லை.

அன்று சாயங்காலம், நான் சட்டைக்காகக் காத்து நிற்கும்போது, பேப்பர் பொறுக்கும் பெண் மூச்சிரைக்க வந்தாள்.

"நூலகத்து வாசல்ல விரட்டுறான். பூங்காவுலயும் அதேதான். மூஞ்சியக்கூடப் பாக்கலை. நீலக் கோட்டா, வெளிய போங்கிறான். என்ன தைச்சுக் குடுத்த எங்களுக்கு?"

நான் தெருவைப் பார்த்தேன். மருந்துக்கடை வாசலில் ஒரு நீலம், நிழற்குடையில் இரண்டு, எதிர்ச்சாரியில் இன்னும் இரண்டு. அதே காலர், அதே பை, அதே நீளம். குட்டையானவருக்குக் கோட்டு தரையைக் கூட்டியது. ஒரே அளவு அட்டையை வைத்து எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறாள். சீருடை வெட்டிய கைக்கு வேறு என்ன தெரியும்? யார் வெளியே தூங்குகிறவர் என்று ஊருக்கே அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவளும் பார்த்தாள். பிளேடு நின்றுவிட்டது.

அதற்குள் நகராட்சி வண்டி வந்து நின்றது. மேற்பார்வையாளர் இறங்கி வாட்ச்மேனின் கோட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"பெரியவரே, இது கோட்டா, மெத்தையா?"

"குளிர்ற வரைக்கும் கோட்டு, சார்."

"நக்கலா?" அவர் தையல்காரியிடம் திரும்பினார். "ஏம்மா, நீதானா இந்தக் கம்பெனிக்கு முதலாளி? இன்னிக்கு வண்டி நெறஞ்சிருச்சு, பொழச்சீங்க. காலைல வருவேன். இந்த நீலம் எவன் மேல இருந்தாலும் கழட்டிருவேன்."

"அவருக்கு நெஞ்சுச் சளி. கழட்டினா ஆள் தங்காது" என்றேன்.

"அப்போ காப்பகத்துல சேருங்க."

"இருமுறவங்கள அங்க சேக்கறதில்ல. விசாரிச்சாச்சு."

அவர் வண்டியில் ஏறினார்.

எங்கள் விடுதியில் வெளியாள் வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் உள்ளிருக்கும் துணி வெளியே வரலாம். கழித்துப்போட்ட திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சோபா உறை என்று கிடைத்ததையெல்லாம் விடுதி மேலாளரிடம் கேட்டு வாங்கி இரண்டு மூட்டையாகக் கொண்டுவந்தேன். நீலத்தின் மேல் வேறு துணி வைத்து மூட வேண்டும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது.

மருந்துக்கடை விளக்கடியில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் மிஷினின் கைப்பிடியைச் சுற்றினார். நான் ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தேன். பேப்பர் பொறுக்கும் பெண் முணுமுணுத்தபடியே கோட்டுகளின் பைகளைப் பிரித்தாள். தையல்காரிதான் தடுமாறினாள். கத்தரி பழைய தடத்திலேயே போயிற்று.

"மறுபடி அதே நீளமா? இவர் குட்டைம்மா" என்றேன்.

"கை கேக்கமாட்டேங்குதுக்கா. ஆலையில ஒரு விரக்கட மாறினா துணிய மூஞ்சியில வீசுவாங்க."

"இங்க மாறலைன்னாத்தான் வீசுவாங்க. வெட்டு."

வெட்டினாள். பிறகு அளவே பார்க்காமல் வெட்டினாள். ஒன்றுக்குக் காலர் இல்லை, ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் பை, இன்னொன்று முழங்காலோடு நின்றது.

"எனக்குப் பூப்போட்டது வேணாம்" என்றார் வாட்ச்மேன்.

"பூவா, நிமோனியாவா? ஒண்ண எடுங்க."

பூவை எடுத்தார்.

"உன்னோடத எப்ப மாத்துவ?" என்று நான் பல தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "அதுதான் கடைசி" என்றாள். கடைசிக்கு வரும் முன்னே விடிந்துவிட்டது.

வண்டி வந்தது. மேற்பார்வையாளர் தெருவின் இரு சாரியிலும் நடந்தார். பச்சைத் திரைச்சீலை போட்ட ஒருவர், கோடுபோட்ட விரிப்பில் ஒருத்தி, பூப்போட்ட சோபா உறையில் இருமும் ஒரு கிழவர். அவர் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். வாட்ச்மேன் இருமலை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேற்பார்வையாளர் கை நீட்டினார்.

"சார், நீலம் இங்க இருக்கு" என்றாள் தையல்காரி.

எழுந்து தன் கோட்டைக் கழற்றினாள். கையை உள்ளே மடக்கி, காலரை மேலே வைத்து, ஆலையில் கட்டுவதுபோல் சதுரமாக மடித்து அவர் நீட்டிய கையில் வைத்தாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார். தைச்சதும் நான், போட்டதும் நான்."

அவர் கிழவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோட்டை வண்டிக்குள் போட்டார். வண்டி கிளம்பிற்று.

நான் என் சால்வையை அவள் தோளில் போட்டேன். முந்தைய நாள் பாதியில் விட்ட விடுதிச் சட்டையை எடுத்து, நாடா வைத்து முடித்து, முதலில் அதை என்னிடம் கொடுத்தாள். பிறகு மூட்டையில் மிஞ்சியிருந்த பழுப்புத் திரைச்சீலையை மடியில் விரித்து, தனக்கு வெட்ட ஆரம்பித்தாள்.