ஏணியில் நின்று கேட்ட வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில், புனே ஹடப்சர் வாலிபால் மைதானத்தில், பெயின்ட் அடிப்பவர்களிடமிருந்து வாங்கிய இரும்பு ஏணியின் மேல் விசிலோடு ஏறி நின்றுவிட்டால் எனக்குத் தமிழ் தெரியாது. அப்படியொரு கட்டுப்பாட்டை எனக்கு நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு வாய் தண்ணீர். மூன்று வாரத்துக்கு முன்பு ஆட்டம் முடிந்து மூச்சிரைக்க நின்ற ஒருவனிடம், "தண்ணி குடிங்க தம்பி, செத்த நேரம் நெழல்ல உக்காருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மகர்பட்டாவில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். என்னைப் போலவே கோயம்புத்தூர். தோற்றுப்போன அணிக்கு அது போதுமானதாக இருந்தது. நடுவர் அம்மா தன் பாஷைக்காரனுக்குச் சாதகமாக விசில் ஊதுகிறார் என்று புகார் போனது. லீக்கை நடத்துபவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், கறாரான மராட்டியர். இன்னொரு புகார் வந்தால் இறுதி ஆட்டத்துக்கு வேறு நடுவர்தான் என்று சொல்லிவிட்டார்.

கல்லூரி அணியில் ஆடியவள் நான். முட்டி போன பிறகு விசிலைப் பிடித்தேன். ஆண்கள் ஆடும் அந்த லீக்கில் இறுதி ஆட்டத்துக்கு அதுவரை ஒரு பெண் ஏணி ஏறியதில்லை. எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

அன்று அரையிறுதி. ஒரு பக்கம் அந்தத் தம்பி ஆடும் மகர்பட்டா அணி. எதிரே சாகண் ஆலைக்காரர்கள், ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் பிடித்து வந்தவர்கள். காலையில் வாங்கி வைத்த போஹே அவலில் எனக்கு இரண்டு ஸ்பூனுக்கு மேல் உள்ளே இறங்கவில்லை. தம்பி இருக்கும் பக்கம் தலையைத் திருப்பக்கூட யோசித்தேன்.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் சாகண் பதினான்கு, மகர்பட்டா பதின்மூன்று. இன்னொரு புள்ளி எடுத்தால் சாகண் இறுதி ஆட்டத்தில்.

எங்கள் லீக்கில் எழுதாத விதி ஒன்று உண்டு. பந்து தன் விரலில் உரசி வெளியே போனாலோ, தன் முன்னால் தரையில் விழுந்தாலோ, ஆடுபவர் தானே கை தூக்கிச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை இல்லை. ஆனால் தனக்குச் சாதகமாக ஒருவர் என்ன கத்தினாலும் நடுவர் அதைக் காதில் வாங்கக் கூடாது.

சாகண் கேப்டன் உயர எம்பி அடித்தார். பந்து நடுக்களத்தில் இறங்கியது. அதை எடுக்கத் தம்பியும், பக்கத்தில் நின்ற இன்னொருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். அந்த இன்னொருவர் பேங்க் வேலைக்காரர், மராட்டியர், அதிகம் வாய் திறக்காதவர். இரண்டு முதுகுகள் பந்தை மறைத்துவிட்டன. தரைக்கும் பந்துக்கும் நடுவே கை இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது.

"படல!"

படவில்லை, தரையில் படவில்லை. நான் விசில் ஊதவில்லை. மேலே எழும்பிய பந்தை யாரோ அந்தப் பக்கம் தட்டினார்கள். சாகண்காரர்கள் அதைத் தொடவே இல்லை. கையை உயர்த்திக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பந்து அவர்கள் காலடியில் விழுந்தது. நான் விசில் ஊதி மகர்பட்டா பக்கம் கை நீட்டினேன். பதினான்குக்குப் பதினான்கு.

சாகண் கேப்டன் ஏணியடிக்கு ஓடி வந்தார். "வோ குத் போலா நா, மேடம்! பட்லா!" அவனே சொன்னானே, விழுந்துவிட்டதென்று.

மராட்டியில் 'பட்லா' என்றால் விழுந்துவிட்டது. நம் 'படல' என்றால் படவே இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் கத்தினால் இரண்டும் ஒன்றுதான். பதினாறு வருஷமாகப் புனேயில் குப்பை கொட்டுகிறேன், கீரைக்காரம்மாவிடம் மராட்டியில் சண்டையே போடுவேன். அத்தனையும் அந்த நொடியில் எங்கே போயிற்று?

எதிரே இரண்டாம் நடுவராக நின்ற ஆசிரியரைப் பார்த்தேன். அவருக்கும் பந்து தெரியவில்லை, உதட்டைப் பிதுக்கினார். தம்பியைக் கூப்பிட்டேன். கத்தியது யார் என்று இந்தியில் கேட்டேன். அவன் ஏணியடியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி, எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னான்.

"அக்கா, குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டுங்க. நாந்தான் கத்துனேன்னு வெச்சுக்குங்க."

வெச்சுக்குங்க! அப்படியானால் கத்தியது இவன் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏணியோடு அவன் மேல் சாய்ந்திருப்பேன். பொய்யைக்கூட எங்கள் ஊர் மரியாதையோடுதான் கொண்டுவந்து நீட்டினான். ஒரு நொடி, அதை வாங்கிக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. இவன் சொன்னான், அதனால் கொடுத்தேன் என்றாவது பழியை அவன் தலையில் கட்டலாம். தோன்றியது உண்மை, மறைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் அந்த பேங்க்காரர் நின்றுகொண்டிருந்தார். முழங்கை உரசி ரத்தம் கசிந்தது. அந்தக் கை உயர்ந்தே இருந்தது.

"மேடம், மீ போல்லோ. பட்லா" என்றார். நான்தான் சொன்னேன், விழுந்துவிட்டது.

எழுந்ததிலிருந்தே அவர் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. தமிழ்க் குரல் என்று நினைத்ததால் தமிழ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசிலை நீளமாக ஊதி, சாகண் பக்கம் கை நீட்டினேன். ஆட்டம் முடிந்தது. சாகண்காரர்கள் வலைக்கு அடியில் புகுந்து வந்து முதலில் அந்த பேங்க்காரரைத்தான் கட்டிப்பிடித்தார்கள். தோற்ற முகத்தோடு அவர் லேசாகச் சிரித்தார். கேப்டன் எனக்கும் கை கொடுத்தார். தம்பி பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

யாரும் புகார் கொடுக்கவில்லை. நடுவர் தப்பைத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதானே என்றார் ஆசிரியர். இறுதி ஆட்டத்துக்கு ஆறரைக்கே வந்துவிடச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தேன். சாவியைப் போட்டேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழில் என்ன பொருள் என்று ஆசிரியருக்குச் சொன்னேன். பந்தை நான் பார்க்கவில்லை, கேட்டதை வைத்துக் கொடுத்தேன் என்றும் சொன்னேன். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு வேறொருவர் ஏணி ஏறினார். நான் மூலையில் கொடி பிடித்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் பார்க்க வந்திருந்த பேங்க்காரர், முழங்கையில் பிளாஸ்திரியோடு, என்னிடம் வந்து ஏன் மேடம் இன்று மேலே ஏறவில்லை என்று கேட்டார்.

காது சரியில்லை என்றேன், மராட்டியில்.