செத்தவன் கட்டிய தீர்வை

கிணறு வெட்டக் கடன் கேட்டிருக்கிறேன். நிலம் என்னுடையது என்று கையெழுத்து வாங்க இன்று காலை கிராம முன்சீப் வீட்டுக்குப் போனேன்.

அவர் இறப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். போன வருஷம் போடிமெட்டில் ஜீப்பு உருண்டதில் நானும் செத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நான் அந்த ஜீப்பில் ஏறவே இல்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் காய்ச்சலாய்க் கிடந்தேன்.

"செத்தவனுக்கு எப்படிப்பா கையெழுத்துப் போடுறது?"

"அப்ப எதிர நிக்கிறது யாருண்ணே?"

"எனக்குத் தெரியுது. ஏட்டுக்குத் தெரியணும்ல."

திரும்பி நடந்தேன். கூப்பிட்டார். கையில் வேறொரு நோட்டு.

"வந்தது வந்துட்ட, நெலத் தீர்வையக் கட்டிட்டுப் போ."

"செத்தவனுக்கு என்னண்ணே தீர்வை?"

"ஆளுதானப்பா செத்துச்சு, நெலம் சாகலைல்ல. கட்டலைன்னா ஜப்தி வரும்."

கட்டித் தொலைத்தேன். ரசீதில் ‘காலஞ்சென்ற’ என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, ‘நேரில் வந்து செலுத்தினார்’.

ரசீதையும் இதையும் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நான் உயிரோடு இருப்பதாகத் தாசில்தாரிடம் சாட்சி சொல்ல வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். என் பதினாறாம் நாள் பந்தியில் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்கள் முதலில் எழுதவும்.