பம்பு ஓடினால் வடக்கு நகரும்

என் அண்ணனிடம் யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. சொன்னால் கேட்டுக்கொள்வதுபோல் தலையை ஆட்டுவான், பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வான். எங்கள் தீவின் மேற்குக் கரையில், வண்டூரில், அவனுக்கு ஒரு மரப்படகு இருக்கிறது. போன வருடம் அதற்குப் புது இன்ஜின் வாங்கிப் பொருத்தினான். உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ள, பேட்டரியில் ஓடும் ஒரு பம்பும் வைத்தான். ஒயரிங் முழுக்க அவன் கைவேலை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்று அண்ணி சொன்னதற்கு, "ஏன், எனக்குக் கை இல்லியா?" என்றானாம்.

எங்கள் வீட்டில் எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் வீட்டுப் பெண்பிள்ளைதான் தேங்காய் உடைக்க வேண்டும். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறும்போது கொண்டுவந்த பழக்கங்களில் அது ஒன்று. அதனால் டாலிகஞ்சில் என் வீட்டில் துவைக்காத துணியையும் திருத்தாத விடைத்தாள்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து வண்டூருக்கு வந்தேன். பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு மூச்சு விட நேரம். அதையும் அண்ணன் இன்ஜினுக்குக் கொடுத்தேன்.

தேங்காய் நன்றாகவே உடைந்தது. அந்தக் குஷியில் அண்ணன், "ரெண்டு பேரும் ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்" என்றான். அண்ணியும் நானும் ஏறினோம். நேர் மேற்கே, கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரம் வரை போய்த் தூண்டில் போட்டோம். அண்ணிக்கு இரண்டு மீன் மாட்டியது. எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மதியத்துக்கு மேல் வானம் ஒரு பக்கமாகக் கறுத்தது. அண்ணன் தூண்டிலைச் சுருட்டச் சொன்னான். நாங்கள் சுருட்டி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்தவள் நான், மழைக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் அந்த மழையில் கரை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. காற்று ஒரு திசையில் நிற்காமல் சுற்றிச் சுற்றி அடித்தது. அலையைப் பார்த்தோ காற்றைப் பார்த்தோ திசை சொல்ல அண்ணனுக்கே வழியில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லாததால் வரைபடம் வரவில்லை. சாம்பல் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நனைந்து அணைந்தது.

"காம்பஸ் இருக்குல்ல, பயப்படாதீங்க. நேரா கிழக்கே போனா வண்டூரு" என்றான் அண்ணன்.

காம்பஸ் அவன் முன்னால் ஒரு குறுக்குப் பலகையில் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சுக்கானைப் பிடித்தான். கிழக்கே போனால் வீடு. தெற்கே சாய்ந்தால் பவளப்பாறைகள். இந்த மாதிரிக் கடலில் அந்தப் பாறைமேல் மரப்படகு ஏறினால் விறகாகிவிடும். இது எங்கள் மூவருக்குமே தெரியும். லைஃப் ஜாக்கெட்டின் வாரை அண்ணி இழுத்து இறுக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் படகுக்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பம்பு தானாக 'ங்' என்று ஓட ஆரம்பித்தது. உடனே அண்ணன் காம்பஸைப் பார்த்து, "என்ன வடக்கே இழுக்குது?" என்று முனகியபடி படகை வலப்பக்கம் திருப்பினான். தண்ணீர் குறைந்து பம்பு நின்றது. "இப்ப இந்தப் பக்கமா?" என்று இடப்பக்கம் திருப்பினான். பம்பு மறுபடி ஓடியது. மறுபடி வலப்பக்கம். அதற்குப் பிறகு மழையும் அலையும் சேர்ந்து கொட்டியதில் பம்பு நிற்கவே இல்லை. அண்ணனும் திருப்பவில்லை. காம்பஸ் ஊசி சொன்ன கிழக்கே ஒரே பிடியாகப் போனான்.

பம்பு ஓடும்போதும் நிற்கும்போதும் மட்டும் திசை மாறியது எனக்கு உறுத்தியது. அத்தனை பெரிய படகு கண் இமைப்பதற்குள் அவ்வளவு திரும்பாது. திரும்பினால் நாங்கள் சாய்ந்திருப்போம், உடம்புக்குத் தெரிந்திருக்கும். திரும்பியது படகு இல்லை, ஊசி.

குனிந்து அந்தப் பலகைக்கு அடியில் பார்த்தேன். ஊசிக்குச் சரியாகக் கீழே, ஒரு விரல் இடைவெளியில், படகின் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் போயிருந்தது. வலப்பக்கமிருந்து வந்து இடப்பக்கம் அண்ணியின் காலடியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குள் நுழைந்தது. ஒரே ஒரு ஒயர்.

"அண்ணே, இது என்ன ஒயரு?"

"பம்போட மைனஸ்."

"பிளஸ் எங்க?"

"அது அந்தப் பக்கமா போவுது. ரெண்டையும் சேத்து ஓட்டுனா உப்புத் தண்ணியில தோலு போயி ஷார்ட் ஆயிரும். பழைய படகு அப்படித்தானே எரிஞ்சிச்சு? இப்ப எதுக்கு அது?"

பழைய படகு எரிந்தது உண்மைதான். அண்ணன் முழங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. இங்கே பல படகுக்காரர்கள் அதே பயத்தில் இரண்டு ஒயரையும் இரண்டு ஓரமாகத்தான் கொண்டுபோகிறார்கள். சேர்ந்து போனால், போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும், ஊசிக்கு ஒன்றும் ஆகாது. பிரித்துக் கொண்டுபோய், அதில் ஒன்றை ஊசிக்கு அடியில் விட்டால், பம்பு ஓடும் வரை அந்த ஒயரே ஒரு காந்தம்.

வலது கையை நீட்டினேன். மின்னோட்டம் போகும் திசையில், வலமிருந்து இடமாக, பெருவிரலை வைத்தேன். மற்ற விரல்களை ஒயரைச் சுற்றி மடக்கினேன். ஒயருக்கு மேலே அவை படகின் முன்பக்கத்தைக் காட்டின. பம்பு ஓடத் தொடங்கியபோதெல்லாம் ஊசியின் வடமுனை நகர்ந்ததும் அந்தப் பக்கம்தான்.

"அரே, மூழ்கப் போற நேரத்துல என்ன கட்டைவிரலக் காட்டிக்கிட்டிருக்கே? பாகலா நீ, பைத்தியமா?" என்று கத்தினான் அண்ணன்.

"அண்ணே, இது வடக்கு இல்ல. பம்பு ஓடுறதால ஊசி தப்பாக் காட்டுது. நாம தெக்கால போயிட்டிருக்கோம். பம்ப நிறுத்து."

"நிறுத்தவா? தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு! பம்பு நின்னா முங்கிருவோம்."

"நிறுத்தலைன்னா பாறைக்குப் போயிருவோம்."

"நாப்பது வருசக் கடலு இது. ஒம் புஸ்தகத்த வீட்டுல வச்சுக்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கரண்ட்டு ஓடுனா ஒயரச் சுத்திக் காந்தம் வரும் அண்ணே! நிறுத்துனா போயிரும். பூமியோட காந்தம் மட்டும் இருக்கும், அப்ப காட்டுறதுதான் வடக்கு" என்று வகுப்பில் கத்துவதைப்போல் கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை. சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அண்ணி குனிந்து, பேட்டரிப் பெட்டியிலிருந்த சுவிட்சை அமுக்கினார். பம்பின் சத்தம் நின்றது. ஊசி ஆடி, பின்னோக்கி நகர்ந்து, வேறொரு இடத்தில் நின்றது. அதன்படி எங்கள் படகின் மூக்கு தென்கிழக்கைப் பார்த்திருந்தது.

அண்ணன் ஊசியையே வெறித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப எது நெசம்?"

"இதுதான்" என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. ஆனால் மேசைமேல் ஒரு பேட்டரி, ஒரு கம்பி, பிள்ளைகளுக்கு நான் காட்டியது அவ்வளவுதான். காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால்? நான் பார்க்காத இரும்பு ஏதாவது கிட்டே இருந்தால்? என் ஒரு சொல்லில் மூன்று பேர் உயிர் இருந்தது. பாடப்புத்தகத்தைச் சந்தேகப்பட எனக்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

அண்ணன் படகை இடப்பக்கம் திருப்பினான்.

அண்ணியும் நானும் பெயிண்ட் டப்பாக்களை எடுத்துத் தண்ணீரை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தோம். அள்ள அள்ள அது முழங்காலை நோக்கி ஏறியது. ஒருமுறை அண்ணனின் கை சுவிட்சுப் பக்கம் போனது. அண்ணி டப்பாவாலேயே அந்தக் கையைத் தட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவனை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர்.

அப்போதுதான் வலப்பக்கம் சத்தம் கேட்டது. மழைச் சத்தமில்லை, அலை எதன்மீதோ மோதி உடைகிற சத்தம். மழை ஒரு நொடி விலகியதில் வெள்ளை நுரையும் நடுவே கறுப்பாகப் பாறையும் தெரிந்தன. பழைய பிடியிலேயே போயிருந்தால் நேராக அதன்மேல்தான் ஏறியிருப்போம். அண்ணன் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்தான். என் கையிலிருந்த டப்பா நழுவித் தண்ணீரில் விழுந்தது. தேடி எடுத்து மறுபடி அள்ளினேன்.

மழை விட்டபோது வண்டூர்க் கரை எதிரே இருந்தது. இறங்கியதும் அண்ணன் படகைக்கூடக் கட்டாமல் மணலில் உட்கார்ந்துவிட்டான். "நீ சொன்னது ஒரு எழவும் எனக்குப் புரியல" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டப்பாவின் விளிம்பு அறுத்து அவர் உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. என் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக்கொண்டே, "உங்களுக்குப் புரிஞ்சுதா அண்ணி?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் கரண்ட்டும் காந்தமும்?" என்றார். "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற மாதிரியே சொன்னே. பிள்ளைங்களுக்கு நீ பொய் சொல்ல மாட்டியேன்னு அமுக்கிட்டேன்."

எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.