வேனுக்குள்ளேயே சொல்லணும்

திருப்பூரில் பௌத்தனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எந்தக் கோயில் என்று கேட்பவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு, "அப்ப கறி திங்க மாட்டீங்களாக்கும்?" என்பார்கள். தின்பேன் என்று சொன்னால் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு டைப்ரைட்டிங் சென்டரின் மாடியில் கூடுவோம். கொல்லமாட்டேன், திருடமாட்டேன் என்று தொடங்கும் ஐந்து சீலங்களைச் சொல்லிவிட்டு, கண்மூடி உட்கார்ந்துவிட்டு, பேச ஆரம்பிப்போம். ஊருக்குள் அமைதி மேடைப் பேச்சால் வராது, ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் எதிரே உட்கார்ந்து பேசிக் கேட்டால்தான் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அந்த வாரம் யாரிடம் மனம்விட்டுப் பேசினோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இதில் எப்போதும் நான்தான் முதல். பேசுவதற்கென்றே ஒரு மதம் லைசென்ஸ் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பௌத்தத்தில் நல்ல பேச்சு என்றால் நான்கை விலக்க வேண்டும்: பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு. முதல் மூன்றையும் எப்படியோ சமாளித்தேன். நான்காவதையும் விட்டால் ஊமையாகிவிடுவேன் என்பதால் எனக்கு நானே அதில் சலுகை கொடுத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி வேன் வீரபாண்டியில் புறப்பட்டு, ஊரைக் கடந்து வேலம்பாளையம் போகும். உள்ளூர்க்காரர்கள், தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், முஸ்லிம்கள் என்று இருபது பேர். வேனில் டேப்ரெக்கார்டர் கெட்டுப்போனால் என்னைத்தான் போடுவார்கள். பக்கத்து சீட்டில் எப்போதும் கட்டிங் மாஸ்டர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வீரபாண்டியில் முஸ்லிம் தெருவில் வீடு. ஆறு வருடமாக மதியச் சோற்றைப் பங்குபோட்டுத் தின்றவர்கள் நாங்கள்.

அப்போது கோயமுத்தூர்ப் பக்கமெல்லாம் பதற்றம். குண்டு பற்றிய வதந்திதான் எங்கும். நாங்கள் கடந்துபோகும் பாலத்தடியில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒருநாள் காலை மாஸ்டர் வேனில் ஏறியதும் தன் சோற்றுத் தூக்குப்போசியை என் மடியில் வைத்துவிட்டுச் சட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஐயோ மாஸ்டரே, இதை எடுத்துக்குங்க! எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க!"

வேனே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். மாஸ்டரும் சிரித்தார். அன்று முழுக்க எனக்கு நல்ல பெயர்.

மறுநாள் மாஸ்டர் வேனுக்கு வரவில்லை. சைக்கிளில் கம்பெனிக்கு வந்திருந்தார். "டாக்டரு சைக்கிள் மிதிக்கச் சொன்னாருங்கண்ணா" என்றார். நம்பினேன். மதியம் தனியாகச் சாப்பிட்டார். டாக்டர் அதையும் சொல்லியிருப்பார் என்று நம்பினேன். ஒரு வாரம் போயிற்று. செக்கிங்கில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரம்மா ஒருவர் என்னைப் பேக்கிங் மேஜைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மாஸ்டர் இந்த மாசத்தோட வேலைய விட்டு நிக்கப்போறாராம். மேனேஜர்ட்ட சொல்லிட்டாராம்."

"ஏனுங்க?"

"ஏனா? வார்த்தை சுத்தமா இருக்கணும்னு நீங்கதானல்லா வேன்ல எங்களுக்குப் பாடம் எடுத்திய?"

அன்று மாலையே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணா, வாங்க" என்று நாற்காலி போட்டார். மனதில் ஏதாவது வருத்தமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா, டீ சாப்புடுங்க." கொங்குச் சீமையில் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் அது கோட்டைக் கதவு. பீரங்கி வைத்தாலும் திறக்காது. நான் அரைமணி நேரம் மனித ஒற்றுமையைப் பற்றி விளக்கினேன். முறுக்கு வந்தது. தின்றுவிட்டு வந்தேன்.

ஞாயிறன்று கூட்டத்தில், "ஒரு முஸ்லிம் நண்பருடன் உரையாடல் நடத்தினேன்" என்று மார்தட்டினேன். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: "சரிங்க, அவரு என்ன சொன்னாரு?"

யோசித்துப் பார்த்தேன். 'டீ சாப்புடுங்க' என்பதைத் தவிர அவர் சொன்னதாக என்னிடம் ஒன்றுமே இல்லை.

அன்று மாலை மறுபடியும் போனேன். "நான் அன்னைக்கு வேன்ல அப்படிச் சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க மாஸ்டரே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன். அவர் "ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. என் பிறவியில் அவ்வளவு நேரம் நான் விழித்துக்கொண்டு சும்மா இருந்ததே கிடையாது.

அப்புறம் மாஸ்டர், மரியாதை முழுவதையும் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "நீ அப்படிச் சொன்னதுக்கு மக்கியா நாளு, சைக்கிள்ல வர்றப்ப பாலத்துக்கிட்ட போலீஸ் நின்னுது. அவன் கேக்கறதுக்கு முன்னாலயே நானே போசியத் தொறந்து காட்டுனேன். தக்காளிச் சோறு. அவன் சந்தேகப்பட்டா அது அவன் வேலை. ஆறு வருசம் எஞ்சோத்துல கைவெச்சுத் தின்னவன், நீ யாரு?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"இங்க சொல்லி என்ன பண்றது? சிரிச்சவங்க எல்லாம் அங்கல்ல இருக்காங்க? வேனுக்குள்ள சொன்னத வேனுக்குள்ளேயே சொல்லணும். நான் வர்றேன். எங்காது கேக்கச் சொல்லணும்."

திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார். முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எல்லாரும் கேளுங்க, நான் மன்னிப்புக் கேக்கப்போறேன்" என்றேன். பின்சீட்டு விழுந்து விழுந்து சிரித்தது. டிரைவர் அடுத்த வரி காதில் விழவேண்டும் என்று பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். கோமாளி நிஜமாகத்தான் பேசுகிறான் என்று நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாலத்தடியில் நடந்ததைச் சொன்னேன். அவரை அப்படித் திறந்து காட்ட வைத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். சிரிப்பு ஒவ்வொரு சீட்டாக அடங்கியது.

டிரைவர்தான் முதலில் பேசினார். "நானும் சிரிச்சனுங்க பாய். தப்புங்க."

பின்னாலிருந்து திருநெல்வேலிக்காரம்மா, "எங்க ஊர்ப் பேச்ச தினமும் பழிச்சுக் காட்டுதியளே, அதுக்கு என்னைக்கு மன்னிப்பு?" என்றார்.

"அதுக்குத் தனியா ஒரு நாள் வேணுமுங்க" என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவர் வேலையை விடவில்லை. அந்த மாதம், பாதுகாப்புக்காக முஸ்லிம் ஆட்களுக்குத் தனி வேன் விடலாமா என்று மேனேஜர் கேட்டபோது, "வேண்டாமுங்க, எனக்கு அந்த வேனே போதும்" என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். அந்தப் பதற்றக் காலம் முழுக்க இருபது பேரும் ஒரே வண்டியில் போய்வந்தோம். சண்டை போட்டோம், சாதியைக் கேட்டோம், சாமியைக் கேட்டோம், பதிலையும் கேட்டோம். அதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருமுறை மாஸ்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "எதுக்குங்கண்ணா? நீங்க பேசறத வாரத்துல ஆறு நாள் கேக்கறனே, பத்தாதுங்களா?" என்றார்.

வருடக் கடைசியில் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எத்தனை பேரைப் புதிதாக அழைத்து வந்தோம் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "ஒருத்தருமில்லைங்க" என்றேன், வேறெந்த வருடமும் சொல்லாத அளவு சத்தமாக.