படி கொஞ்சம் தாழ்வாக இருந்தால்

சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: வண்டியைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவர் முதல் ஐந்து நிமிடம்தான் வண்டியைப் பற்றிப் பேசுவார். அதற்குப் பிறகு அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எந்த பாரத்திலும் இடம் இருக்காது. நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று வயிற்றைக் கழுவியவர் என்றால், உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கார் கம்பெனியில் நான் அந்த வேலையில் இருந்தேன். நாங்கள் விற்றது காடு மேடெல்லாம் ஏறுகிற பெரிய ஃபோர் வீல் வண்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. தோல் சீட்டு, மரப் பலகை பதித்த டேஷ்போர்டு, ஒரு வீட்டுக்கு ஆகிற விலை. கோலாலம்பூர் தலைமையகம் ஒரு பாரம் அனுப்பியிருந்தது. 'இந்த வண்டியில் என்னென்ன மாற்றம் வேண்டும்?' என்று வாங்கியவர்களிடம் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, மாதம் ஒரு முறை அனுப்ப வேண்டும். கேட்பதும் எழுதுவதும் என் பொறுப்பு.

டாக்டரின் ஒரு வரி

டாக்டர் நடேசனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி வாங்கிய நான்காம் மாதம் அவருடைய மனைவிக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. முதல் சர்வீசுக்கு வந்தபோது முன் சீட்டுக்குக் கீழே சமையலறை முக்காலி ஒன்று கிடந்தது. மனைவியை அதன் மேல் ஏற்றி, பிறகு இடுப்பைப் பிடித்துத் தூக்கி சீட்டில் உட்கார வைப்பாராம். போன வாரம் கிளினிக் வாசலில் முக்காலி சரிந்துவிட்டது. விழவில்லை, ஆனால் அதோடு அந்த அம்மா வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலும் போயிற்று.

நான் பாரத்தை எடுத்து, சஸ்பென்ஷன், கியர், டயர் என்று அச்சடித்திருந்ததை வரிசையாகப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என் மனைவி மலையெல்லாம் ஏற மாட்டாம்மா. இந்தக் காடியில ஏறணும், அவ்வளவுதான்" என்றார்.

பாதி இறங்கும் கண்ணாடி

கெப்பாலா பத்தாஸில் நெல் ஆலை வைத்திருந்த ஹாஜி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். வாரம் மூன்று நாள் தன் தகப்பனாரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, தீவுக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டி வருவார். பாலத்தில் வரலாமே என்று கேட்டேன். தகப்பனார் வாலிபத்தில் ஃபெர்ரியில் வேலை பார்த்தவராம், அதில் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொள்வாராம். ஃபெர்ரி கீழ்த்தட்டில் என்ஜினை அணைக்க வேண்டும். ஏர்கான் நின்றுவிடும். பின்கண்ணாடியோ பாதிக்கு மேல் இறங்காது. கிழவருக்கு மூச்சு முட்டும், கடல் பக்கம் முகத்தை நீட்டவும் முடியாது. கண்ணாடி முழுக்க இறங்க வேண்டும், அது ஒன்றுதான் ஹாஜியின் கோரிக்கை. நான் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மறு மாதமும் எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து, "பின்கண்ணாடி பற்றிய கருத்து பெறப்பட்டது" என்று ஒரு கடிதம் வந்தது. ஹாஜி அடுத்த முறை வந்தபோது பெரிய விஷயம்போல அதை எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: "நன்றி, மிஸ். இப்போ பின் சீட்டுல யாரும் உட்கார்றது இல்ல."

கறுப்புக் கண்ணாடி

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருந்த முருகையா வேறு மாதிரி. வண்டியின் அகலத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு பக்கம் டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா, ஒரு பக்கம் மசாலா மூட்டை இறக்கும் லாரி, அந்தத் தெருவில் எங்கள் வண்டி தினமும் சிக்கிக்கொள்ளும். சிக்கும் இடம் அநேகமாக அவருடைய அண்ணன் கடை வாசல். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் இருபது வருஷம் இருந்து, தகப்பனார் காரியத்தன்று வாய்த்தகராறாகிப் பிரிந்தவர்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடையில் ஒரு கண்ணாடி.

அகலத்தைக் குறைக்க வழியில்லை என்றதும், கண்ணாடியையாவது இன்னும் கறுப்பாக்கச் சொன்னார். சட்டம் அதற்கு மேல் விடாது, இப்போதே வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அவர் என்னைப் பார்த்தா பரவாயில்லம்மா. நான் அவரைப் பார்க்காம இருக்கணும்."

ஆறுமுகம் அண்ணன் வைத்த படி

டாக்டர் இரண்டாம் சர்வீசுக்கு வந்தபோதும் முக்காலி அங்கேயேதான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் வெல்டிங் பார்த்த ஆறுமுகம் அண்ணனிடம் போய், "ஒரு படி வச்சுக் கொடுங்கண்ணே" என்று கேட்டேன். கம்பெனி பொருள் இல்லாத எதையும் வண்டியில் பொருத்தக் கூடாது என்பது விதி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேனேஜர் ஈப்போவுக்குப் போன ஒரு நாளில் கழிவு இரும்பிலிருந்து ஒரு படி செய்து, மேலே ரப்பர் ஒட்டி, இழுத்தால் இறங்கி, தள்ளினால் உள்ளே போகிற மாதிரி மாட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரின் மனைவி கோயிலுக்குப் போனார். டாக்டர் அதைச் சொல்ல போன் செய்தார். நான் ஆறுமுகம் அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் முகக்கவசத்தைத் தூக்கிக் கேட்டுவிட்டு, மறுபடி இறக்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் கண்ணில் அந்தப் படி பட்டுவிட்டது. கழற்றச் சொன்னார்கள். மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, யார் சொல்லிச் செய்தது என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் தம்பி, தங்கை இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள், என் ஒரு சம்பளம்தான். இதெல்லாம் பிறகு யோசித்துக்கொண்ட காரணம். அந்த நேரத்தில் நான் பயந்தேன், அவ்வளவுதான். "யாரும் சொல்லல, நான்தான் செஞ்சேன்" என்றார் ஆறுமுகம் அண்ணன். அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் அவர் மோட்டார் சைக்கிளுக்கு அருகே போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அழுதது நினைவிருக்கிறது. அவர் கருவிப் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வாயத் திறந்திருந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம். ஒருத்தர் போதும்லா, மிஸ்."

புக்கிட் மெர்தாஜாமில் கேட் செய்கிற பட்டறையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமை நினைத்திருக்கிறேன். போகவில்லை.

புது மாடல்

மறு வருஷம் புது மாடல் வந்தது. 'உங்கள் விருப்பங்களைக் கேட்டு உருவாக்கியது' என்று விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தார்கள். கோப்பை வைக்க நான்கு குழி, ஸ்டியரிங்கில் ரேடியோ பொத்தான், சீட்டுக்கு இரண்டு நிறம். பின்கண்ணாடி பழையபடி பாதிதான் இறங்கியது.

பழைய வாடிக்கையாளர்களை அழைத்திருந்தோம். டாக்டரும் வந்தார், தனியாக. வண்டியைச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, தரைக்கும் சீட்டுக்கும் நடுவே கையால் அளந்து பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் போய் அளவுநாடா வைத்துப் பார்த்தேன். பழையதைவிட இரண்டு அங்குலம் உயரம். விற்பனைப் பிரிவில் இருந்த குமாரிடம், இது யார் கேட்டது என்றேன். அவன் விளம்பரத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நெறைய பேர் உயரமாத்தான் கேட்டாங்களாம், அக்கா."

அந்த வேலையை விட்ட பிறகு நான் பஸ்ஸில்தான் போகிறேன். அதில் என்ன குறை என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை என்பதே அதில் எனக்குப் பிடித்த வசதி.